மானுக்குத் திமிங்கிலம் என்ன முறை?

திருக்கோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் முதலில் தரிசிப்பது சாமியை அல்ல, மான்களை. நிழல் கண்ட இடத்தில் புள்ளிமான்கள் கூட்டமாகப் படுத்திருக்கும். பழத்தோலை நீட்டினால் எழுந்து வரும். சில கோட்டையை விட்டிறங்கிக் கடைத்தெருவரை வந்து குப்பையைக் கிளறும். அந்தக் கவலை வேறு கதை. மேலே ஏறி, இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று கிழக்கே பார்த்தால் ஒரே கடல். கொட்டியாரக் குடாவிலிருந்து கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு இறங்குவதால் இங்கே கரைக்குக் கிட்டவே ஆழம். அதனால்தான் கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில் நீலத்திமிங்கிலம் விடும் மூச்சு வெள்ளைக் கம்பம்போல் எழுவதை அந்தப் பாறையில் நின்றபடியே பார்க்க முடிகிறது.

ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உறவினரை அங்கே கூட்டிப்போனபோது, "இந்த மானுக்குக் காட்டுப்பன்றியைவிட அந்தத் திமிங்கிலம்தான் கிட்டின சொந்தம்" என்றேன். மாமா கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அப்ப பன்றி கோவிக்காதோ?" என்றார்.

பகிடி ஒருபக்கம் இருக்கட்டும். நான் சொன்னது உயிரியலாளர்கள் இன்று தயக்கமின்றி ஏற்கும் செய்தி. நாலு கால், குளம்பு, காட்டு வாழ்க்கை என்று மானுக்கும் பன்றிக்கும் எத்தனையோ பொருத்தம். திமிங்கிலத்துக்கோ காலே இல்லை. கண்ணால் பார்ப்பதை இவ்வளவு துணிவாக மறுக்க அவர்களுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது?

எங்கள் ஊர்களில் முன்பின் தெரியாத பொடியன் ஒருவன் படலையைத் திறந்தால் கிழவிகளின் முதற் கேள்வி, "நீ ஆற்ற பிள்ளை?" என்பதுதான். நிறம், உயரம், படிப்பு எல்லாம் பிறகு. அவனுடைய அம்மப்பாவும் தன்னுடைய அப்பாவும் கூடப்பிறந்தவர்கள் என்று தெரிந்துவிட்டால் கிழவிக்குக் கணக்கு முடிந்தது. உயிரியலாளர் இன்று கேட்பதும் இந்தக் கேள்வியைத்தான். இரண்டு உயிர்களுக்கும் பொதுவான மூதாதை எவ்வளவு காலத்துக்கு முன் வாழ்ந்தது? உடன்பிறந்தாருக்கு ஒரு தலைமுறை பின்னே போனால் போதும். ஒன்றுவிட்ட சகோதரருக்கு இரண்டு, இரண்டுவிட்டவருக்கு மூன்று. மானுக்கும் திமிங்கிலத்துக்கும் பொதுவான பாட்டனைத் தேடிப் பின்னே நடந்தால், பன்றியின் பாட்டனைச் சந்திக்கும் முன்னரே அவரைச் சந்தித்துவிடுவோம். மாமாவிடம் நான் சொன்ன வாக்கியத்துக்கு இதைத் தவிர வேறு பொருள் இல்லை.

உறவுமுறைப் பெயர்களை நம்பி இறங்கினால் மட்டும் ஏமாந்துபோவோம். சித்தியின் மகள் எனக்குத் தங்கச்சி. மாமியின் மகள் மச்சாள். இரத்தக் கணக்கில் இரண்டு பேரும் ஒரே தூரம். இருவரோடும் நான் பங்குபோடுவது ஒரு சோடிப் பாட்டன் பாட்டியைத்தான். ஆனால் ஒருத்தியைக் கட்டலாம், மற்றவளைக் கட்டக்கூடாது. அதற்காகவே பெயர் வேறாயிற்று. பெயர் காட்டுவது புழக்கத்தின் தேவையை, உறவின் தூரத்தை அல்ல. மீன், மரம், பூச்சி, கண்டல் என்று உயிர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர்களும் பெரும்பாலும் இப்படித்தான். சட்டிக்கும் வலைக்கும் விறகுக்கும் வசதியான பெயர்கள். அவற்றில் பிழை ஒன்றுமில்லை. அவை வேறு வேலைக்கு வைத்தவை.

பிழைதான் சாட்சி

பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஒரே நூலின் பல ஏடுகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டார்கள். ஏடுகளை ஒப்பிடுவதில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு ஏடுகளில் ஒரு சொல் சரியாக இருந்தால் அதிலிருந்து எதுவும் தெரியவராது; மூலத்தில் இருந்ததை இருவரும் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவே. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை விழுந்திருந்தால், ஒரே அடி விடுபட்டிருந்தால், அவை ஒரு தாய் ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டவை. அந்தப் பிழை இல்லாத மூன்றாவது ஏடு வேறு வழியில் வந்தது.

உயிர்களின் உறவைத் தேடும் முறையும் இதுதான். அதைத் தெளிவாக வகுத்தவர் வில்லி ஹெனிக். ஈ, நுளம்பு வகைகளை ஆராய்ந்த ஜேர்மன் பூச்சியியலாளர். 1950இல் அவர் எழுதிய நூல் ஜேர்மன் மொழியில் வந்ததால் அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1966இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பிறகு பெரிய சண்டையே நடந்தது. அவர் சொன்னதன் சாரம், ஒற்றுமைகள் எல்லாம் ஒரே தரம் அல்ல என்பது. மானுக்கும் பன்றிக்கும் நாலு கால் இருப்பது பழைய சங்கதி. தவளைக்கும் ஓணானுக்கும்கூட நாலு கால்தான். எல்லா ஏடும் காப்பாற்றிவைத்த சரியான சொல் அது. திமிங்கிலம் பின்கால்களை இழந்தது அந்த ஒரு வழியில் மட்டும் நடந்த மாற்றம். ஒரே ஒரு ஏட்டில் விழுந்த பிழை. அதுவும் உறவுக்குச் சாட்சியாகாது. தேடவேண்டியது இரண்டு உயிர்களில் காணப்பட்டு, மூன்றாவதில் இல்லாத புதிய மாற்றம்.

அது டி.என்.ஏ.யில் கிடைத்தது. தன்னைத் தானே படியெடுத்து வேறோர் இடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும் சிறு துண்டுகள் எங்கள் டி.என்.ஏ.யிலும் ஏராளம். கோடிக்கணக்கான எழுத்துகள் உள்ள அந்த ஏட்டில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் துண்டு விழும் என்பது தற்செயல். விழுந்தபின் தடயமின்றிக் கழன்றுபோவது மிக அரிது. ஆகவே இரண்டு விலங்குகளில் அச்சொட்டாக ஒரே இடத்தில் ஒரே துண்டு இருந்தால், அது இருவருக்கும் பொதுவான முன்னோரில் ஒருமுறை விழுந்தது என்றுதான் கொள்ளவேண்டும். 1990களின் பிற்பாதியில் யப்பானில் நொரிஹிரோ ஒகாடாவின் குழு இப்படிப்பட்ட செருகல்களைத் தேடியது. சில செருகல்கள் திமிங்கிலம், நீர்யானை, அசைபோடும் விலங்குகள் ஆகிய மூன்று பகுதியாருக்கும் பொதுவாக இருந்தன. பன்றியிலும் ஒட்டகத்திலும் அதே இடங்கள் வெறுமை. வேறு சில செருகல்கள் திமிங்கிலத்துக்கும் நீர்யானைக்கும் மட்டுமே உரியவை. மான் அசைபோடும் கூட்டத்தைச் சேர்ந்தது. பன்றி வெளியே நின்றுவிட்டது.

எலும்பும் சேர்ந்து சாட்சி சொன்னது. மான், மாடு, பன்றி, ஒட்டகம் போன்ற இரட்டைக் குளம்புக்காரருக்குக் கணுக்காலில் ஓர் எலும்பு உண்டு; அதன் மேல்முனையும் கீழ்முனையும் கிணற்றுக் கப்பிபோல் குழிந்திருக்கும். வேறெந்த முலையூட்டிக்கும் இந்த இரட்டைக் கப்பி இல்லை. திமிங்கிலத்துக்குக் கணுக்காலே இல்லாதபோது இதை எங்கே தேடுவது? பாகிஸ்தானில். அங்கே 5 கோடி ஆண்டளவு பழைமையான பாறைகளில், இன்னும் நாலு காலோடு இருந்த ஆதித் திமிங்கிலங்களின் உயிர்ச்சுவடுகள் இருக்கின்றன. 2001இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே அவற்றின் கணுக்கால் எலும்புகளை வெளியிட்டன. இரண்டிலும் இரட்டைக் கப்பி. 2007இல் காஷ்மீர்ப் பாறையிலிருந்து வந்த இந்தோஹையஸ் என்ற, பூனையைவிடச் சற்றுப் பெரிய குளம்பு விலங்கின் காதெலும்பு திமிங்கிலத்தின் காதெலும்பைப்போல் தடித்திருந்தது. கோணேசர் மலையிலிருந்து நாங்கள் வாய்பிளந்து பார்க்கும் பிராணி எங்கள் துணைக்கண்டத்துக் கரையிலிருந்துதான் கடலுக்குள் இறங்கியது.

பெயர்கள்தான் தலைகீழாய் நிற்கின்றன. மன்னார்க் கடலில் வாழும் ஆவுளியாவைக் கடற்பசு என்கிறோம். பசுவுக்கு அது கிட்டின சொந்தமில்லை. அதன் உறவு யானையோடு. திமிங்கிலம் என்ற வடமொழிப் பெயரோ 'திமி என்ற பெருமீனை விழுங்குவது' என்று பொருள்பட்டு அதை மீன்களோடு கொண்டுபோய்ச் சேர்த்தது. பசுவின் சொந்தம் கடலில் இருக்கிறதென்றால் அது இந்தத் திமிங்கிலம்தான்.

சந்தைப் பலகையில்

விடிய ஆறு மணிக்குத் திருக்கோணமலை மீன்சந்தைக்குப் போனால் ஒரே பலகையில் சுறாவும் பாரையும் கிடக்கும். வாங்குகிறவர் நிற்பார். மூன்று பேர். இதில் யார் யாருக்குக் கிட்டின உறவு? பாரைக்குச் சுறாவைவிட வாங்க வந்தவர்தான் கிட்டின உறவு. மானையும் திமிங்கிலத்தையும் ஒருவாறு ஒப்புக்கொண்டவர்கள் இந்த இடத்தில் முகத்தைச் சுளிப்பார்கள்.

பாதி விசயம் சமையலறைக்கு ஏற்கனவே தெரியும். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால்சுறா தேடி வருகிறவர்கள் அதை அவித்து உதிர்த்து வறை வறுப்பார்கள்; திருக்கையையும் அப்படியே. உதிர்க்கும்போது கையில் முள் நெருடாது, ஏனென்றால் உள்ளே இருப்பது கசியிழையம் எனும் குருத்தெலும்பு. சுறாவும் திருக்கையும் ஒரு குடும்பம் என்பதில் வறைச்சட்டியும் உயிரியலும் ஒத்துப்போகின்றன. பாரையின் நடுமுள்ளோ கத்தியை எதிர்த்து நிற்கும். எங்கள் எலும்பைப்போன்ற எலும்பு. அதன் வயிற்றைக் கீறினால் முதுகை ஒட்டி ஒரு காற்றுப்பை தெரியும். ஆதியில் உணவுக்குழாயிலிருந்து பக்கவாட்டில் பிதுங்கிய ஒரு பைதான் ஒரு வழியில் மிதக்க உதவும் காற்றுப்பையாகவும் இன்னொரு வழியில் நுரையீரலாகவும் ஆனது. சுறாவுக்கு அந்தப் பையே கிடையாது. எண்ணெய் ஊறிய பெரிய ஈரலை வைத்துச் சமாளிக்கிறது. பாரையும் நாங்களும் பிரிந்தது 42 கோடி ஆண்டுகளுக்கு முன் என்றால், சுறாவின் வழி அதற்கும் முந்தியே பிரிந்துவிட்டது.

ஆகவே 'மீன்' என்பது குடும்பம் அல்ல. குடும்பமென்று சொல்ல உயிரியலாளர் கேட்பது ஒரே ஒரு நிபந்தனை: ஒரு மூதாதையும் அதன் வழித்தோன்றல்கள் எல்லோரும், ஒருவரும் விடுபடாமல். கனடா போன தம்பியை விட்டுவிட்டுப் படம் எடுத்து 'எங்கள் முழுக் குடும்பம்' என்று எழுதக்கூடாது. மீன் வம்சத்தில் கரையேறிப் போன தம்பி நாங்கள். தவளை, பல்லி, புறா, மான் எல்லோரும் அந்தக் கப்பலில் போனவர்கள்தான். நடை மாறிவிட்டது, மூச்சு மாறிவிட்டது; பிறந்த வீடு மாறாது. எங்களையும் சேர்த்தால் மீன் ஒரு குடும்பம். சேர்க்க மனமில்லையென்றால் அந்தச் சொல்லைச் சந்தைக்கே விட்டுவிடவேண்டியதுதான். எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும். அறக்குளா விலை கேட்கும்போது யாருக்கும் கூர்ப்பு மரம் தேவையில்லை.

(கூர்ப்பு என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததைத் தமிழ்நாட்டார் பரிணாமம் என்பார்கள்.)

கரையேறியவர்களுக்கு இன்னும் கிட்டின மீன்களும் உண்டு. 1938 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் ஒரு மீன்பிடிக் கப்பல் இறக்கிய குவியலுக்குள், அங்கிருந்த அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மார்ஜரி கோர்ட்னி லற்றிமர் ஒரு நீல மீனைக் கண்டார். கால்போல் சதைப்பிடிப்பான செட்டைகள். டைனோசோர்களோடு அழிந்துபோனதாக எல்லோரும் நம்பியிருந்த சீலகாந்து. பாரையைவிட எங்களுக்கு நெருங்கிய உறவு அது. அதன் இரண்டாவது இனம் 1997இல் இந்தோனேசியாவின் மனாடோ நகரில், மீன்சந்தையிலேயே தலைகாட்டியது. சந்தைக்குப் போனால் பலகையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. மயில்மீனையும் சூரையையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றே சொல்வோம்: கூரான உடல், பிறைபோன்ற வால், வேகம். டி.என்.ஏ. அதை ஏற்கவில்லை. மயில்மீனின் சொந்தக்காரர் பாரையும், மணலோடு மணலாய்த் தட்டையாய்க் கிடக்கும் நாக்குமீனும். திறந்த கடலில் விரைந்து ஓடவேண்டிய தொழில் மயில்மீனையும் சூரையையும் ஒரே வார்ப்பில் ஊற்றிவிட்டது.

கண்டற்காட்டில் ஒரே வேடம்

தொழில் உருவத்தை மாற்றும் என்பதைப் பார்க்கக் கடலுக்குப் போகத் தேவையில்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் களப்போரம் நின்றாலே போதும். உப்புத்தண்ணீர், மூச்சுவிட முடியாத சேறு, ஏறி இறங்கும் நீர்மட்டம். அங்கே வளரும் எல்லாவற்றையும் கண்டற்காடு என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். கிட்டப் போனால் கண்டல் மரம் மிண்டுகோல்போல் வேர்களை ஊன்றி நிற்கும். கண்ணாவும் கிண்ணையும் சேற்றிலிருந்து குச்சிகளை நட்டதுபோல் மூச்சுவேர்களை மேலே நீட்டியிருக்கும்.

கண்ணாவுக்கும் கிண்ணைக்கும் மூச்சுவேர் இருப்பதால் அவை உறவா? பூவையும் காயையும் பார்த்தவர்களுக்கு முன்பே சந்தேகம் இருந்தது. அந்தக் காலத்தில் இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒவ்வொன்றுக்கும் தனிக் குடும்பம் கொடுத்து ஒதுக்கிவைத்தவர்களும் உண்டு. பிறகு பரம்பரையலகுகளை ஒப்பிட்டார்கள். பூக்குந் தாவரங்களை இவ்வகையில் மீளவகுத்த கூட்டு முயற்சியின் முதல் வெளியீடு 1998இலும் நான்காவது 2016இலும் வந்தன. கண்ணா போய்ச் சேர்ந்தது கனகாம்பரமும் ஆடாதோடையும் இருக்கும் குடும்பத்தில். கிண்ணை போய்ச் சேர்ந்தது மருதோன்றியும் மாதுளையும் இருக்கும் குடும்பத்தில். பால் தெறித்தால் கண் போய்விடும் என்று பயந்து நாங்கள் ஒதுங்கிப்போகும் தில்லை, ஆமணக்கோடும் மரவள்ளியோடும் சேர்ந்தது. பாலைப் பார்த்தவர்கள் அதை முன்பே ஊகித்திருக்கலாம். கூந்தலில் ஏறும் கனகாம்பரத்தின் சொந்தம் முழங்கால் சேற்றில் மூச்சுவேர் விட்டு நிற்கிறது. கையில் சிவக்கும் மருதோன்றியின் சொந்தம் அதற்குப் பக்கத்தில் அதே வேடத்தில். மூச்சுவேரை அவை ஒரே பாட்டனிடமிருந்து வாங்கவில்லை. ஒரே சேறு இருவரிடமும் தனித்தனியே கறந்த வரி அது.

ஏட்டுக் கதைக்குத் திரும்பினால், இரண்டு எழுத்தர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே பிழையை விடுவதும் நடக்கும். 'ரகரம்' எழுத வேண்டிய இடத்தில் 'றகரம்' எழுதுவது யாருக்கும் வரும் பிழை. ஆகவே ஒரு பிழையை மட்டும் நம்பக்கூடாது. பல பிழைகள் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்று பார்க்கவேண்டும். கண்டற்காட்டைப் பிரித்தது ஒரு வேர் அல்ல, ஆயிரக்கணக்கான டி.என்.ஏ. எழுத்துகள்.

சாதியும் வருணமும்

பள்ளிக்கூடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த படிக்கட்டு: பேரிராச்சியம், இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். வருணத்தையும் சாதியையும் இந்தப் பட்டியலுக்குள் கொண்டுவந்து வைத்த கலைச்சொல்லாளர் எங்கள் சமூகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சொல் தேடியிருக்கவேண்டும். படிக்கட்டின் முதற் படிகளைப் போட்டவர் சுவீடனின் கார்ல் லின்னேயஸ். 1735இல் தொடங்கிய அவருடைய நூலின் முதற் பதிப்புகளில் திமிங்கிலம் மீனாகவே இருந்தது. 1758இன் பத்தாம் பதிப்பில்தான் முலையூட்டிகளோடு சேர்ந்தது. லின்னேயஸுக்குக் கூர்ப்பு தெரியாது. படைத்தவனின் ஒழுங்கைப் பட்டியலிடுவதாகவே அவர் நினைத்தார். உண்மையான பாகுபாடு ஒரு வம்சாவளியாகவே இருக்கமுடியும் என்று டார்வின் 1859இல் எழுதியபோதும் பழைய படிக்கட்டையே பலரும் தொடர்ந்து ஏறி இறங்கினார்கள்.

எங்கள் பக்கத்தில் அதற்கும் எவ்வளவோ முந்திய ஒரு பாகுபாடு இருக்கிறது. தொல்காப்பியத்து மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்குகிறது. இதைக் காட்டி, 'டார்வினுக்கு முன்பே தமிழன்' என்று சமூக ஊடகங்களில் மார்தட்டுவோரைக் கண்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும். புலன்களை எண்ணி அடுக்குவது ஏணி. உறவைத் தேடுவது மரம். இரண்டும் வேறு. எறும்பு மூவறிவிலும் தும்பி நான்கறிவிலும் போய் நிற்க, ஒரே பூச்சிக் குடும்பம் இரண்டாய்ப் பிளந்துவிடுகிறது. ஆனால் 'நண்டும் தும்பியும் நான்கறிவினவே' என்று தொல்காப்பியர் சேர்த்த சோடி தற்செயலாக அழகாய் விழுந்திருக்கிறது: பூச்சிகள் நண்டு, இறால் வம்சத்துக்குள்ளேயே கிளைத்தவை என்பது இன்றைய டி.என்.ஏ. முடிவு. அதைவிட எனக்குப் பிடித்தது, 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்பது. வெளியே வைரம், அதாவது கெட்டியான பகுதி, உள்ளவை புல். உள்ளே வைரம் உள்ளவை மரம். இந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். உயரத்தைப் பார்த்து ஏமாறாமல் தண்டை வெட்டிப் பார்த்துச் சொன்ன வார்த்தை. ஒருவித்திலை என்று நாங்கள் படித்த, உண்மையிலேயே ஒரே வம்சமான கூட்டத்தோடு அது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பனைக்கு வேம்பு தூரம். வயல் வரப்பில் நிற்கும் புல்தான் கிட்ட.

பாடப்புத்தகத்து ஊர்வன வகுப்பும் மீனைப்போலவே உடைந்துபோனது. முதலைக்கு உடும்பைவிட, நிலாவெளிக் கடலிலுள்ள புறாத்தீவின் புறா கிட்டின உறவு. இருவருக்கும் நாலு அறை இதயம். தீவைச் சுற்றி நீந்தும் கடலாமைகளையும் டி.என்.ஏ. அந்தப் பக்கமே கொண்டுபோகிறது. பறவைகளையும் சேர்த்தால் ஊர்வன குடும்பமாகும். சேர்க்காவிட்டால் கனடாத் தம்பி இல்லாத படம்தான். பாம்பு பல்லிக் கூட்டத்துக்குள்ளேயே பிறந்த கிளை என்பதையும், உடும்பும் ஓணானும் வீட்டுச் சுவர்ப் பல்லியைவிடப் பாம்புக்கே கிட்ட என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மூன்றரைக் கோடி மரங்கள்

இவ்வளவையும் கேட்டால் எல்லாம் முடிந்த விசயம்போலத் தோன்றும். அப்படியல்ல. மூன்று உயிர்களை எடுத்தால் அவற்றின் உறவை மூன்று விதமாக வரையலாம். நான்குக்கு 15, ஐந்துக்கு 105. பத்துக்கு 34,459,425, ஏறக்குறைய மூன்றரைக் கோடி. கணினி இல்லாமல் இதில் கைவைக்க முடியாது. கணினியும் எல்லா மரங்களையும் பார்ப்பதில்லை. எந்த மரத்துக்கு ஆகக் குறைந்த மாற்றங்கள் போதும், எந்த மரம் கையிலுள்ள டி.என்.ஏ.யை நன்றாக விளக்கும் என்று கணித்துத் தெரிவுசெய்கிறது.

தெரிவு தவறவும் கூடும். திருக்கோணமலைக் கடலில் நீலத்திமிங்கிலத்தோடு எண்ணெய்த் திமிங்கிலமும் வருகிறது: பெட்டிபோன்ற தலை, வாயில் பல். நீலத்துக்குப் பல் இல்லை, சீப்புப்போன்ற வடிதகடு. பல்லுள்ளவை எல்லாம் ஒரு கிளை என்றே காலங்காலமாக இருந்தது. 1993இல் டி.என்.ஏ.யின் ஒரு சிறு பகுதியை மட்டும் ஒப்பிட்ட ஆய்வாளர்கள், எண்ணெய்த் திமிங்கிலம் ஓங்கில்களைவிட நீலத்திமிங்கிலத்துக்கே கிட்ட என்று சொன்னார்கள். சில ஆண்டுகள் வாதம் நடந்தது. தரவு பெருகியபோது அந்த முடிவு நிற்கவில்லை. 2001இல், மேலே சொன்ன செருகல்களை வைத்தே யப்பானியக் குழு பல்லுள்ளவை எல்லாம் ஒரே கிளைதான் என்று காட்டியது. இடையில் அச்சான புத்தகங்களைப் படித்தவர்கள் இன்னும் பழைய செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

மரத்தை வாசிப்பதிலும் வழுக்குகிறோம். நுனிகள் பக்கத்தில் பக்கத்தில் வரையப்பட்டிருந்தால் கிட்டின உறவு என்று நினைப்பது முதற் பிழை. தொட்டிலுக்கு மேல் கட்டித் தொங்கவிடும் பொம்மைக் கொத்து காற்றில் சுழலும்போது எந்தப் பொம்மையும் எந்தப் பொம்மைக்கும் பக்கத்தில் வரும்; கட்டிய நூல் மட்டும் மாறாது. பார்க்கவேண்டியது நூல் பிரியும் கவரை. நீர்யானை திமிங்கிலமாக மாறியது என்று சொல்வது அடுத்த பிழை. அவை சகோதரக் கிளைகள். சகோதரன் எப்படிப் பாட்டனாவான்?

அடிமரத்திலேயே இன்னும் ஆட்டம் நிற்கவில்லை. தம்பலகாமத்து வயலில் தண்ணீர் கட்டியிருக்கும்போது சேற்றை மிதித்தால் குமிழி வரும். அதிலுள்ள மெதேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களைப் பற்றீரியா என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1977இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வூஸும் ஜோர்ஜ் பொக்ஸும், புரதம் கட்டும் இயந்திரமான றைபோசோமின் ஆர்.என்.ஏ.யை ஒப்பிட்டபோது அவை பற்றீரியாவே அல்ல என்று தெரிந்தது. ஆர்க்கியா என்ற தனிக் கிளை. பற்றீரியாவைவிட எங்களுக்குக் கிட்ட. 1990இல் வூஸ் உயிர் முழுவதையும் மூன்று பேரிராச்சியங்களாகப் பிரித்ததைத்தான் உயர்தர வகுப்பில் படிக்கிறார்கள். 2015இல் நோர்வேக்கும் கிறீன்லாந்துக்கும் இடைப்பட்ட கடலடிச் சேற்றிலிருந்து லோக்கி என்ற பெயர்கொண்ட ஆர்க்கியாக்களின் டி.என்.ஏ. கிடைத்தபின், நாங்கள் ஆர்க்கியாவுக்குள்ளேயே முளைத்த கிளை என்ற கருத்து வலுத்துவருகிறது. அது நிலைத்தால் பேரிராச்சியங்கள் இரண்டே. மூன்றாவது, படத்தில் விடுபட்ட இன்னொரு தம்பி. பாடப்புத்தகம் திருந்தக் கொஞ்சக் காலம் எடுக்கும்.

இந்த உறவுக்கணக்கு ஆஸ்பத்திரியிலும் வேலைசெய்கிறது. வயலில் பாம்பு கடித்தவரைக் கொண்டுவந்தால் இலங்கையில் நெடுங்காலமாகக் கொடுக்கப்படுவது இந்தியாவில் தயாரான விசமுறிவு மருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்புகளின் நஞ்சைக் கொண்டு செய்தது. பெயரில் விரியன் இருந்தாலும் கட்டுவிரியன் நாகக் குடும்பம். மற்ற இரண்டும் உண்மை விரியன்கள். எங்கள் நாட்டில் பலரைக் கடிக்கும் இன்னொரு சிறு பாம்பு உண்டு: மூக்கு மேல்நோக்கி வளைந்தது, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே வெப்பத்தை உணரும் குழி. பார்வைக்கு மற்ற விரியன்களைப் போலவே இருக்கும். ஆனால் அது குழிவிரியன் கிளை. அந்தக் கிளையிலிருந்து ஒரு பாம்பின் நஞ்சும் அந்த மருந்தில் சேர்க்கப்படவில்லை. அதன் கடிக்கு அந்த மருந்து உதவுவதில்லை. கொடுத்தால் மருந்தின் ஒவ்வாமை மட்டுமே மிஞ்சலாம். நோயாளியைத் தூக்கி வந்தவர்களிடம் வைத்தியர் முதலில், "என்ன பாம்பு எண்டு பாத்தனீங்களோ?" என்று கேட்பது அதனால்தான்.